நடை மட்டும் போதாது, சித்தப்பா

அன்புள்ள சித்தப்பா,

தினமும் நடக்கிறீர்கள், இதயத்துக்கு அது வேண்டும், விட்டுவிடாதீர்கள். ஆனால் தரையில் உட்கார்ந்தால் கை ஊன்றாமல் எழ முடியவில்லை என்றீர்களே, அதற்கு நடை மருந்தாகாது. முப்பது வயதுக்குப் பிறகு பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை கரைகிறது. அறுபதைத் தாண்டினால் இன்னும் வேகமாக. பழகிப்போன வேலைக்காக எந்தத் தசையும் வலுப்பெறாது, திணறினால்தான் பெறும்.

நாற்காலியில் தொடங்குங்கள். அது வழுக்காமல் சுவரோடு ஒட்டி இருக்கட்டும். பாதங்களைத் தோள் அகலத்துக்கு வைத்து, கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, மூச்சை விட்டபடி எழுங்கள். உட்காரும்போது மனதுக்குள் மூன்று எண்ணி மெதுவாக இறங்குங்கள். பலரும் இங்கேதான் பொத்தென்று உட்கார்ந்து, கிடைக்க வேண்டிய பலனில் பெரும்பங்கை இழக்கிறார்கள். முழங்கால் உள்பக்கம் சாயாமல், கால்விரல் நோக்கும் திசையிலேயே போகட்டும். மூச்சை அடக்கினால் இரத்த அழுத்தம் எகிறும். அழுத்தத்துக்கு மாத்திரை எடுக்கிறவர் நீங்கள், முதலில் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ஒரு சுற்றுக்கு 8 முதல் 12 முறை, நடுவில் இரண்டு நிமிட ஓய்வு, மொத்தம் மூன்று சுற்று. வாரத்தில் இரண்டு நாள், இடையில் 48 மணி நேரமாவது இடைவெளி. இந்த எண்களைவிட முக்கியமானது ஒன்று உண்டு: சுற்றை முடிக்கும்போது 'இன்னும் இரண்டு முறைதான் முடியும்' என்று கால் சொல்ல வேண்டும். பன்னிரண்டும் சுலபமாக வந்தால் அது பயிற்சியே இல்லை. இரண்டு கிலோ பையை மார்போடு அணைத்துக்கொள்ளுங்கள், அல்லது சற்றுத் தாழ்வான இருக்கைக்கு மாறுங்கள்.

மறுநாள் தொடை வலிக்கும், படி இறங்கும்போது அதிகமாகத் தெரியும். இரண்டாம், மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய்த் தானாகவே தணியும். இந்த வலிக்குப் பயந்துதான் நிறையப் பேர் முதல் வாரத்திலேயே நிறுத்திவிடுகிறார்கள். அதே பயிற்சியை அடுத்த முறை செய்தால் வலி நன்றாகவே குறைந்திருக்கும் என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை. மூட்டுக்குள் குத்தும் வலி, வீக்கம், நெஞ்சு இறுக்கம், தலைசுற்றல் ஆகியவை வேறு வகை. அப்போது உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

'இந்த வயதிலா?' என்பீர்கள். 1990இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் ஓர் ஆய்வு வந்தது. முதியோர் இல்லத்தில் இருந்த, தொண்ணூறு வயதை ஒட்டிய பத்துப் பேருக்கு எட்டு வாரம் கனமான எடைப்பயிற்சி கொடுத்தார்கள். முடித்தவர்கள் ஒன்பது பேர். அவர்களுடைய கால் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. உங்களுக்கு 62தான், சித்தப்பா.

தொடை பருக்கவில்லையே என்று முதல் மாதத்தில் சோர்ந்துவிடாதீர்கள். தொடக்கத்தில் கூடும் வலு பெரும்பாலும் நரம்புகள் தசையை நன்றாக இயக்கப் பழகுவதால் வருவது. அதனால் கண்ணாடியை நம்பாமல் கடிகாரத்தைப் பாருங்கள். 30 விநாடியில் கை ஊன்றாமல் எத்தனை முறை எழுகிறீர்கள் என்று இன்றே எண்ணி எழுதி வையுங்கள். 60 முதல் 64 வயது ஆண்களுக்கு 14க்குக் கீழே என்றால் சராசரிக்கும் குறைவு. எத்தனை வந்தது என்று எனக்குச் சொல்லுங்கள், ஆறு வாரம் கழித்து மறுபடி எண்ணிப் பார்ப்போம்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகள்