யாழினி அந்த வேலைக்குப் போகட்டும்

அன்புள்ள சாந்தி,

உன் வாய்ஸ் மெசேஜ் எல்லாவற்றையும் கேட்டேன். போனில் பேசினால் நீ என்னை ஒரு வாக்கியம் முடிக்க விடமாட்டாய் என்பதால்தான் இப்படி உட்கார்ந்து எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். அவருக்கு முட்டிவலி தேவலை. பையன் தேங்க்ஸ்கிவிங் லீவுக்கு வந்துவிட்டுப் போனான். அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று உன் தம்பி சொன்னான், நிம்மதியாக இருந்தது. பத்மா மறுபடியும் வீடு மாறிவிட்டாளாமே, அவள் கதை அப்புறம்.

விஷயத்துக்கு வருகிறேன். யாழினிக்கு சர்வே கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது, தேர்தல் கணிப்புக்கு ஆள் எடுக்கிறார்கள், ஆனால் "காசு வாங்கிக்கொண்டு நம்பர் சொல்கிற பொய்த்தொழில், நான் அனுப்ப மாட்டேன்" என்கிறாய். 2024 ஜூன் மாதம் அங்கே டிவியில் பாஜக கூட்டணிக்கு 350க்கு மேல் என்று அடித்துச் சொன்னார்களே, 293ல்தானே நின்றது என்று கேட்கிறாய். அதோடு விடாமல், "நீயும்தான் இந்தத் தடவை அமெரிக்கத் தேர்தல் கருத்துக்கணிப்புக்காக ஊரெல்லாம் போன் பண்ணினாய், என்ன கண்டாய்?" என்று ஒரு குத்து வேறு. என்ன கண்டேன் என்று சொல்கிறேன், கேளுடி.

முதலில் ஒன்று. நீ கமலா ஹாரிஸின் தாத்தா ஊரான துளசேந்திரபுரத்தின் கோயில் பூஜை வீடியோவை அனுப்பி, கமலா ஜெயித்தாச்சு என்று எழுதியபோதே, எண்கள் அப்படிச் சொல்லவில்லை, கமலாவும் டிரம்பும் சரிசமமாக இருக்கிறார்கள் என்றுதான் சொல்கின்றன என்று பதில் போட்டேன். நான் இருக்கும் பென்சில்வேனியாவில் கடைசி வாரக் கணிப்புகளின் சராசரியில் இருவருக்கும் இடையே ஒரு சதவீதப் புள்ளி வித்தியாசம்கூட இல்லை. டிரம்ப் இங்கே இரண்டு புள்ளிக்கும் சற்றுக் குறைவாக ஜெயித்தார். ஆயிரம் பேரிடம் கேட்டால் ஒவ்வொரு வேட்பாளரின் எண்ணும் மூன்று புள்ளி முன்னே பின்னே இருக்கலாம், இருவருக்கும் நடுவே உள்ள இடைவெளி என்றால் அது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. இதை உனக்கு நான் சொல்ல வேண்டியதே இல்லை, கொஞ்சம் பேரைக் கேட்டு மொத்தத்தைக் கணிக்கிற மாதிரியெடுப்புப் பேப்பருக்கு எங்கள் எல்லோருக்கும் விடிய விடிய பாடம் நடத்தியவள் நீ. அந்த நீயே இப்போது "பொய்" என்கிறாய் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஆனால் என்னைத் தூங்கவிடாத விஷயம் வேறு. 2016, 2020, 2024 என்று மூன்று தடவையும் பிழை ஒரே பக்கம் சாய்ந்திருக்கிறது. மூன்று தடவையும் டிரம்புக்கு இருந்த ஆதரவு கணிப்பில் குறைவாகத்தான் வந்தது. 2016க்குப் பிறகு, கல்லூரிப் படிப்பு இல்லாதவர்கள் மாதிரியில் குறைவாக இருந்ததைப் பலர் சரிக்கட்டவில்லை என்று கண்டுபிடித்தார்கள். சரி, சரிக்கட்டினார்கள். 2020ல் பிழை இன்னும் பெரிதானது. இங்குள்ள பொதுக்கருத்து ஆய்வாளர் சங்கம் ஒரு குழு போட்டு ஆராய்ந்து, 40 ஆண்டுகளில் தேசிய அளவில் இவ்வளவு பெரிய பிழை வந்ததில்லை என்று எழுதியது, காரணம் இதுதான் என்று அவர்களாலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இந்த முறை பலர், போன தேர்தலில் யாருக்குப் போட்டீர்கள் என்று கேட்டு, அதை வைத்து மாதிரியில் குறைவாக வந்த தரப்பின் பதில்களுக்குக் கூடுதல் எடை கொடுத்தார்கள். பிழை குறைந்தது, ஆனால் சாய்ந்த பக்கம் மாறவில்லை.

தலைக்குமேல் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த எனக்கு இதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. ராஜேஸ்வரி மேடம் முதல் வருஷம் சொன்ன லிட்டரரி டைஜஸ்ட் கதை உனக்கு ஞாபகம் இருக்கும். 1936ல் அந்தப் பத்திரிகை சுமார் ஒரு கோடி வாக்குச்சீட்டுகளைத் தபாலில் அனுப்பியது, 23 லட்சத்துக்கு மேல் திரும்பி வந்தன, ஜனாதிபதித் தேர்தலில் ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லேண்டன் ஜெயிப்பார் என்று அறிவித்தது. அவருக்குக் கிடைத்தவை இரண்டே மாநிலங்கள், மீதி 46ம் ரூஸ்வெல்ட்டுக்கு. போன் வைத்திருந்தவர்கள், கார் வைத்திருந்தவர்கள் பட்டியலிலிருந்து முகவரி எடுத்ததால் வந்த வினை என்றுதான் நாம் பரீட்சையில் எழுதினோம். அது பாதிக் காரணம். சீட்டைத் திருப்பி அனுப்ப மெனக்கெட்டவர்களும் அனுப்பாதவர்களும் ஒரே மாதிரி ஆட்கள் இல்லை என்பது மீதிக் காரணம். அந்த மீதிக் காரணத்தைத்தான் நான் தினமும் காதால் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதில்தான் இந்தத் தொழிலே நிற்கிறது. வேகாத அரிசி கரண்டியில் ஏறவே மாட்டேன் என்றால் பதம் பார்ப்பது எப்படி? பியூ ஆய்வு மையம் தன் கணக்கை வெளிப்படையாகவே போட்டிருக்கிறது: 1997ல் அவர்கள் போன் செய்த நூறு பேரில் 36 பேர் பதில் சொன்னார்கள், 2018ல் 6 பேர். ஆறு பேர், சாந்தி! மீதி 94 பேரும் இந்த ஆறு பேரைப் போலத்தான் நினைக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டுதான் மேற்கொண்டு எல்லாக் கணக்கும் நடக்கிறது.

இங்கே லூசர்ன் கவுண்டி (மாவட்டம் மாதிரி) பக்கம் ஓர் ஆள் போனை எடுத்தார். நான் முன்னுரையைப் படித்து முடிப்பதற்குள் "டிரம்ப். எழுதிக்கொள்" என்று சொல்லி வைத்துவிட்டார். எங்கள் இடத்தில் விதி, கடைசிக் கேள்வி வரை பதில் வந்தால்தான் கணக்கில் சேரும். அதனால் அவர் 'முழுமையடையாதது' என்ற கட்டத்துக்குப் போனார். தன் வாயால் பெயரைச் சொன்ன மனிதர் எங்கள் கணக்கில் இல்லவே இல்லை. அதே மாதிரி வேறு சிலரும் வைத்தார்கள். சூப்பர்வைசரிடம் போய்ச் சண்டை போடாத குறையாகச் சொன்னேன், விதி விதிதான் என்றார்கள். கமலா பெயரைச் சொல்லிவிட்டு இப்படிப் படக்கென்று வைத்தவர் எனக்கு வாய்க்கவே இல்லை. கமலாவின் ஆதரவாளர்கள் பெரும்பாலும் கடைசி வரை இருந்து, நன்றி சொல்லி, என் குரலைக் கேட்டு எந்த ஊர் என்றும் விசாரித்துவிட்டுத்தான் வைப்பார்கள்.

இன்னொரு அம்மா, ஈரி பக்கம். "இந்தத் தேர்தலில் உங்களுக்கு மிக முக்கியமான பிரச்சினை எது?" என்பது கேள்வி. பொருளாதாரம், குடியேற்றம், கருக்கலைப்பு, ஜனநாயகம் என்று ஒரு பட்டியல் என் திரையில். அந்த அம்மா, நடந்து போகிற தூரத்தில் இருந்த மளிகைக்கடையை மூடிவிட்டார்கள், இப்போது பால் வாங்க மருமகனைக் கெஞ்ச வேண்டியிருக்கிறது, அவனோடு பேச்சுவார்த்தையே சரியில்லை என்று ஆரம்பித்துக் கண்ணீர் வரும் வரை பேசினார். நான் ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. "அப்படியா" என்றுகூடச் சொல்லக் கூடாது, கேள்வியைத் திரும்பப் படிக்கலாம், அவ்வளவுதான். இது பொருளாதாரமா? 'மற்றவை'யா? நான் 'மற்றவை' போட்டு, அவர் சொன்னதைச் சொன்னபடியே கீழே தட்டச்சு செய்தேன். அதை யாராவது படித்திருக்க வேண்டும் என்று இன்றைக்கும் ஆசைப்படுகிறேன்.

அந்த வேலையில் உட்கார்ந்த பிறகு வேட்பாளர்களின் பேட்டிகளை நான் பார்த்த விதமே மாறிப்போனது. எனக்கு இல்லாத உரிமை பேட்டி எடுப்பவருக்கு இருக்கிறது, பதில் வழுக்கினால் விடாமல் மறுபடி கேட்கலாம். ஜூலை 5ஆம் தேதி ஏபிசி டிவியில் ஜார்ஜ் ஸ்டெஃபனோபுலஸ், அப்போது ஜனாதிபதியாக இருந்து மறுபடி போட்டியிட்ட பைடனைக் கேட்டதைப் பார்த்தாயா? கணிப்பில் ஆதரவு 36 சதவீதம்தான் இருக்கிறதே என்று கேட்டால், அதை நான் நம்பவில்லை, எங்கள் கணிப்பு அப்படிச் சொல்லவில்லை என்றார் பைடன். எனக்குக் கஷ்டமாகிவிட்டது. மக்கள் கஷ்டப்பட்டுச் சொன்ன பதிலைக் காதில் போட்டுக்கொள்ளாத ஒருவரை டிவியில் பார்ப்பது போல இருந்தது. அந்த மாதமே 21ஆம் தேதி போட்டியிலிருந்து விலகினார்.

கமலாவுக்கு அக்டோபர் 8ஆம் தேதி 'தி வியூ' நிகழ்ச்சியில் வந்தது மிகச் சுலபமான கேள்வி. இந்த நாலு வருஷத்தில் பைடன் செய்ததிலிருந்து வேறு மாதிரி எதையாவது செய்திருப்பீர்களா? எதுவும் நினைவுக்கு வரவில்லை என்றார். எதிர்த்தரப்பு அதை அப்படியே விளம்பரமாக்கி இங்கே ஓட்டு ஓட்டென்று ஓட்டியது. அப்புறம் நான் கேட்காமலேயே அந்தப் பதிலைப் போனில் எடுத்துச் சொன்னவர்கள் இருந்தார்கள். 1979ல் டெட் கென்னடிக்கு நடந்தது ஞாபகம் வந்தது. தன் கட்சிக்காரரே ஆன ஜனாதிபதி கார்ட்டரைவிடக் கணிப்புகளில் முன்னால் நின்றவர், நீங்கள் ஏன் ஜனாதிபதியாக வேண்டும் என்று சிபிஎஸ்ஸில் ரோஜர் மட் கேட்டபோது தடுமாறித் தடுமாறி எதையோ சொன்னார், கட்சி கடைசியில் கார்ட்டரைத்தான் நிறுத்தியது. இப்படிக் கேட்கிற ஒருவர் எதிரே உட்கார வேட்பாளர் சம்மதிக்க வேண்டும் என்பது வாக்காளருக்கு அவர் செய்ய வேண்டிய குறைந்தபட்ச மரியாதை என்று நான் மனதார நம்புகிறேன். டிரம்ப் சிபிஎஸ்ஸின் '60 நிமிடங்கள்' பேட்டியிலிருந்து பின்வாங்கினார், பிறகு கமலாவின் பதிலை வெட்டி ஒட்டிவிட்டார்கள் என்று அந்த சிபிஎஸ் மீதே வழக்கும் போட்டார். ஆனால் பாட்காஸ்ட் நடத்துகிற ஜோ ரோகனோடு கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் பேசினார். அங்கே யார் மடக்கிக் கேட்டார்கள்? இருந்தாலும் இளவயசுப் பையன்கள் அதை முழுசாகக் கேட்டதாகப் போனில் சொன்னபோது, நமக்குப் பதில் சொல்லாதவர்கள் எங்கே காது கொடுக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டேன்.

யாழினிக்கு நீ கட்டாயம் சொல்ல வேண்டிய பெயர் ஒன்று உண்டு, கருத்துக்கணிப்பு நடத்திய ஆன் செல்சர். அயோவாவில் 2016லும் 2020லும் டிரம்ப் 7 புள்ளி முன்னிலை என்று கடைசியில் சொன்னவர், முடிவும் ஏறக்குறைய அப்படியே வந்தது. இந்த முறை தேர்தலுக்கு மூன்று நாள் முன்பு கமலா 3 புள்ளி முன்னிலை என்று வெளியிட்டார். டிரம்ப் 13 புள்ளியில் ஜெயித்தார். பெரிய தவறுதான். ஆனால் பக்கத்தில் இருப்பவன் எண்ணைப் பார்த்துத் தன் எண்ணைத் தட்டிச் சமன் செய்கிற பயம் இந்தத் தொழிலில் நிறைய உண்டு. அந்த அம்மாள் தனக்கு வந்ததை வந்தபடி வைத்தார். நான் அவரை மதிக்கிறேன். நீ சொல்கிற காசு வாங்குகிறவர்கள் அங்கேயும் இருப்பார்கள், இங்கேயும் இருப்பார்கள். அவர்களுக்காக யாழினி மாதிரி ஒரு பெண் இந்தப் பக்கமே வரக்கூடாது என்றால் அப்புறம் யார்தான் ஒழுங்காகக் கேட்பது?

அங்கே அவளுக்கு என்னைவிட நல்ல வாய்ப்பு. நான் போனில் இழந்தவர்களை அவள் வாசலில் போய்ப் பார்க்கலாம். பூட்டியிருந்த வீட்டுக்கு சாயங்காலம் திரும்பப் போகச் சொல். கணவர் முன்னால் வந்து பதில் சொன்னால், பட்டியலில் இருப்பது மனைவி பெயர் என்றால், அந்த அம்மாவிடம்தான் கேட்க வேண்டும் என்று பணிவாகச் சொல்லிக் காத்திருக்கச் சொல். கட்சிக்காரர்கள் சுற்றி நிற்கும்போது எழுதிய பதிலை அப்படியென்று குறித்து வைக்கச் சொல். முடியாது என்று கதவைச் சாத்தியவர்கள் எத்தனை பேர், எந்தத் தெரு என்பதையும் எழுத வேண்டும். டீக்கடையில் உட்கார்ந்து படிவம் நிரப்புகிற பையன்கள் கூட இருப்பார்கள், அவர்களோடு சேராமல் இருந்தால் போதும்.

அவளுடைய கேள்வித்தாளை எனக்கு அனுப்பி வை. முதல் கேள்வியே "இந்த ஆட்சி பற்றிய உங்கள் கோபம் என்ன?" என்கிற மாதிரி ஆரம்பித்தால் நான் அவள் மேலாளருக்கே கடிதம் எழுதுவேன். ஞாயிற்றுக்கிழமை உங்கள் இரவு எட்டு மணிக்கு மேல் அவளை எனக்குப் போன் பண்ணச் சொல். நீ பக்கத்தில் உட்கார்ந்து குறுக்கே பேசாதே.

அன்புடன்,
கலா
அலென்டவுன்