சந்தியின் மேல் நிற்கும் ட்ரோன்: நகரத் தொடர்பை வகுப்போருக்கு ஒரு திறந்த மடல்

நகர வாகனங்களுக்கான கம்பியில்லாத் தொடர்பை வகுக்கும் பொறியாளர்களுக்கும், அலைக்கற்றையை ஒழுங்குபடுத்தும் அதிகாரிகளுக்கும் வணக்கம். சந்திகளில் வாகனங்களின் செய்தியை ட்ரோன் வழியாகக் கடத்தும் உங்கள் முயற்சியைப் பற்றியதே இந்த மடல்.

நான்கு மூலையிலும் உயர்ந்த கட்டடங்கள் நிற்கும் ஒரு சந்தி. ஒரு சாலையில் ஆம்புலன்ஸ் விரைந்து வருகிறது, குறுக்குச் சாலையில் ஒரு கார். இரண்டும் தங்கள் இடத்தையும் வேகத்தையும் நொடிக்குப் பத்து முறை அறிவித்துக்கொண்டேதான் வருகின்றன. ஆனாலும் கடைசி வரை ஒன்றுக்கொன்று கேட்காமல் போகலாம். வாகனங்கள் இப்படிப் பேசிக்கொள்ளும் 5.9 ஜிகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையின் நீளம் சுமார் 5 சென்டிமீட்டர்தான். கான்கிரீட்டைத் துளைக்கவும் மூலையில் வளைந்து திரும்பவும் அதற்குத் தெம்பு போதாது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரே நொடியில் ஏறக்குறைய 17 மீட்டர் கடந்துவிடும்.

அந்தச் சந்திக்கு மேலே ஒரு ட்ரோன் நின்றால் இரு சாலைகளும் அதற்கு நேராகத் தெரியும். இந்தப் பக்கத்துச் செய்தியை வாங்கி அந்தப் பக்கம் கொடுத்துவிடும். அதனால் உங்கள் முயற்சியை முழுமனதோடு வரவேற்கிறேன். 2017இல் மரியா புயலுக்குப் பின் போர்ட்டோ ரிக்கோவில் ஏடி அண்ட் டி நிறுவனம், தரையோடு கம்பியால் இணைத்த ட்ரோனைப் பறக்கவிட்டுக் கைபேசித் தொடர்பு கொடுத்தது. விபத்து நடந்த இடத்திலும், டவர் விழுந்த இடத்திலும், திடீரென்று கூட்டம் திரளும் இடத்திலும் ட்ரோனுக்கு ஈடு இல்லை.

அன்றாடச் சந்திக்கு அதையே நம்பலாமா என்பதுதான் என் கவலை. பேட்டரியில் பறக்கும் சிறிய ட்ரோன்கள் பெரும்பாலும் அரைமணி, முக்கால்மணி நேரத்துக்குள் இறங்கியாக வேண்டும். பலத்த காற்றிலும் மழையிலும் பலவற்றை ஏற்றவே முடியாது. சாலை வழுக்கி, கண்ணாடி மங்கி, எதிரே வருவது தெரியாமல் தவிக்கும் நேரமும் அதுதான். ஆபத்தான சந்திகளில் முதலில் கம்பத்தில், இதே போலச் செய்தி கடத்தும் நிலையான கருவியைப் பொருத்துங்கள். ட்ரோன் அதற்குத் துணையாக வரட்டும்.

ட்ரோன் இறங்கப்போகிறது என்றால் அதை வாகனங்களுக்கு முன்கூட்டியே சொல்லும் ஏற்பாடும் கட்டாயம் வேண்டும். செய்தி வராததை, குறுக்கே வண்டியே வரவில்லை என்று எந்தக் காரும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

அதிகாரிகளுக்கு ஒன்று. உயரத்திலிருந்து பேசும் ட்ரோன் பல தெருக்களுக்குக் கேட்கும். அதே அலைவரிசையில் திருப்பிச் சொல்லும் ஒவ்வொரு செய்தியும் நெரிசலைக் கூட்டும். அமெரிக்காவில் 1999இல் வாகனத் தொடர்புக்கென்று ஒதுக்கிய 75 மெகாஹெர்ட்ஸ் அலைக்கற்றையை 2020இல் 30 ஆகக் குறைத்தார்கள். இருக்கும் இடமே குறுகல் என்பதால், ட்ரோனின் சக்திக்கும் உயரத்துக்கும் வரம்பு வைத்த பிறகே அனுமதி கொடுங்கள். செய்தி கடத்துவதற்குக் கேமரா தேவையில்லை, அதையும் அந்த அனுமதியிலேயே எழுதிவிடுங்கள்.

சோதனைகளை வெயில் நாளில் மட்டும் நடத்தாமல் மழையிலும் நடத்தி, தொடர்பு எத்தனை முறை அறுந்தது என்பதை எங்களுக்கும் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
தினமும் அந்தச் சந்திகளைக் கடக்கும் ஓர் ஓட்டுநர்