'எச்.ஐ.வி. இருந்ததால்' இறந்தாராம்!

ஆசிரியருக்கு வணக்கம்.

மழைக்காலக் காய்ச்சல் பற்றிய தங்கள் செய்தியின் கடைசி வரி: 'எச்.ஐ.வி. இருந்ததால் காப்பாற்ற முடியவில்லை.' பெயரை விட்டுவிட்டுத் தெருவையும் வயதையும் போட்டால் ஊருக்கு ஆளைத் தெரியாதா? ஒருவரின் எச்.ஐ.வி. நிலையை அவர் சம்மதமின்றி வெளியிடக் கூடாது என்னும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தாங்கள் அறியாததல்ல.

சி.டி.4 (நோய் எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கை) எவ்வளவு, எச்.ஐ.வி.யை அடக்கும் ஏ.ஆர்.டி. மாத்திரையைத் தவறாமல் போட்டாரா என்று நிருபர் கேட்டாரா? வைரல் லோடு (ரத்தத்தில் வைரஸின் அளவு) அடங்கி, சி.டி.4 நன்றாக இருப்பவருக்கு ஃப்ளூ பெரும்பாலும் மற்றவர்களுக்கு வருவது போலத்தான். 200-க்குக் கீழே போனவருக்கும் மாத்திரையை விட்டவருக்கும்தான் நிமோனியா வரை போகும் ஆபத்து அதிகம்.

மாத்திரையை விடவைப்பது யார்? 'காய்ச்சல் விடட்டும், பிறகு போடலாம்' என்று சொல்பவர்கள்தான். இன்னொரு கூத்து, காய்ச்சல் சீட்டிலேயே இருக்கிறது: ஜிங்க், சத்து மாத்திரை, வயிற்றெரிச்சலுக்கு ஜெல். டி.எல்.டி. என்ற ஏ.ஆர்.டி. மாத்திரையில் உள்ள டோலுடெகிராவிர் மருந்தை இவை குடலிலேயே பிடித்துக்கொள்ளும், ரத்தத்தில் சரியாக ஏறாது. இரவு 9 மணிக்கு டி.எல்.டி. போடுபவர் ஜெல்லைப் பிற்பகல் 3 மணிக்குள் குடிக்க வேண்டும். இல்லையேல் இரவு 11-க்குப் பிறகு. சாப்பாட்டுக்குப் பின் எல்லாவற்றையும் ஒரே வாயில் போடுவதுதான் நம் வழக்கம். ரிட்டோனவிர் சேர்ந்த ஏ.ஆர்.டி. மருந்து எடுப்பவருக்கு நெபுலைசரில் நாள்கணக்கில் பியூடெசோனைடு என்ற ஸ்டீராய்டை வைத்தால் அது உடம்பில் தேங்கிவிடும். ஃப்ளூ மருந்தான ஓசெல்டாமிவிருக்கு ஏ.ஆர்.டி.யோடு சண்டையே இல்லை: 75 மி.கி., இரு வேளை, ஐந்து நாள். முதல் 48 மணி நேரத்தில் தொடங்குவது நல்லது; மூச்சுத் திணறலோடு வந்தவரிடம் 'நேரம் தாண்டிவிட்டது' என்று கைவிரிக்கக் கூடாது.

எல்லா இருமலும் ஃப்ளூவும் அல்ல. வாரக்கணக்கில் வறட்டு இருமல், உட்கார்ந்தால் ஆக்சிஜன் 96, வராந்தாவில் ஒரு நடை நடந்தால் 88 என்றால் எதிர்ப்புச் சக்தி குறைந்தவருக்கு வரும் பி.சி.பி. என்ற பூஞ்சை நிமோனியாவைத் தேட வேண்டும். அதற்கு மருந்து கோட்ரைமாக்சசோல்.

1986-இல் சென்னையில் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்று கண்டறியப்பட்டது. 2004-இல் தாம்பரத்தில் இலவச ஏ.ஆர்.டி. வந்தது. தங்கள் பக்கங்களில் மட்டும் இன்னும் 'எய்ட்ஸ் நோயாளி', கூடவே அந்த எலும்புக்கூடுப் படம்!

கேட்பது பெரிதல்ல. காய்ச்சல் பெட்டிச் செய்தியில் நிலவேம்புக்கு எட்டு வரி தருகிறீர்கள். அதன் கீழே, 'ஏ.ஆர்.டி. மாத்திரையைக் காய்ச்சலிலும் நிறுத்த வேண்டாம். அது போடுவதை டாக்டரிடம் சொல்லுங்கள்' என்று ஒரு வரி போட இடமிருக்குமா?

- ஏ.ஆர்.டி. மைய மருந்தாளுநர், மதுரை