இரண்டு ஃபீடும் ஒரே பலகையில்: கோலோகேஷன் சேவை குறித்த புகார் கடிதம்

அனுப்புநர்:
ஐடி உட்கட்டமைப்புப் பிரிவு (வாடிக்கையாளர் நிறுவனம்)

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவைத் தலைவர், டேட்டா சென்டர் பிரிவு

பொருள்: திட்டமிட்ட யூபிஎஸ் (தடையில்லா மின்வழங்கி) பராமரிப்பில் எங்கள் இரண்டு ரேக்குகளும் (சர்வர் அடுக்குகள்) அணைந்தது, மின் கட்டணத்தில் பியூஇ (மையத்தின் மொத்த மின்சாரத்துக்கும் சர்வர்கள் எடுப்பதற்குமான விகிதம்) கணக்கு, சான்றிதழ்களின் வரம்பு ஆகியவை தொடர்பாக.

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

உங்கள் மையத்தில் இடம் வாடகைக்கு எடுத்து (கோலோகேஷன்) எங்கள் சர்வர்களை வைத்திருக்கிறோம்; ஒன்று நின்றாலும் மற்றது தாங்கும்படி ஒவ்வொரு ரேக்குக்கும் ஏ, பி என இரண்டு மின்பாதைகள் (ஃபீட்). பராமரிப்பின்போது இரண்டும் நின்றது குறித்து நீங்கள் அனுப்பிய சம்பவ அறிக்கையை எங்களால் ஏற்க இயலவில்லை. ஏ ஃபீட் மட்டுமே பராமரிப்பில் இருந்தது, பி ஃபீடில் மின்சாரம் இருந்தது, எங்கள் சுமை அதிகமானதால் பி பிரேக்கர் விழுந்துவிட்டது என்கிறது அறிக்கை. எங்கள் ரேக் பிடியூக்களின் (ரேக்குக்குள் மின்சாரத்தைப் பிரித்துக் கொடுத்து அளக்கும் கருவிகள்) பதிவு அப்படிச் சொல்லவில்லை.

பராமரிப்பு தொடங்கும் முன் அதிகச் சுமையுள்ள ரேக்கில் ஏ பக்கம் 11 ஆம்ப், பி பக்கம் 10 ஆம்ப் ஓடிக்கொண்டிருந்தது. ஏ நின்றால் மொத்தமும் பி மேல் விழும். அதாவது 21 ஆம்ப். பிரேக்கரின் அளவு 32 ஆம்ப். தொடர்ச்சியான சுமைக்கு 80 சதவீதம் என்று கட்டுப்படுத்திக்கொண்டாலும் 25.6 ஆம்ப் வரை இடம் இருக்கிறது. சரி, சுமை உண்மையிலேயே மீறியது என்றே வைத்துக்கொள்வோம். அப்போது பி பக்கத்து ஆம்ப் முதலில் ஏற வேண்டும். சற்றே மீறிய சுமை என்றால் பிரேக்கர் சூடாகி விழவே நிமிடக்கணக்கில் ஆகும். பதிவில் பி பக்கம் 10 ஆம்பைத் தாண்டவே இல்லை. இரண்டு பக்கத்து வோல்டேஜும் ஒரே நொடியில் பூஜ்யமாகின. திரும்பி வந்ததும் ஒரே நொடியில்தான். விழுந்த பிரேக்கர் தானாக எழுந்து நிற்காது; அதை யாராவது கையால் போட்டிருக்க வேண்டும். உங்கள் ரிமோட் ஹேண்ட்ஸ் டிக்கெட்டில் (மையத்தில் உங்கள் பணியாளர் எங்களுக்காகச் செய்யும் வேலைகளின் பதிவு) அப்படி ஒரு வேலையே பதிவாகவில்லை.

காரணம் உங்கள் பணியாளர் அதே டிக்கெட்டில் இணைத்த புகைப்படத்திலேயே தெரிகிறது. ஏ, பி என்று ஒட்டிய இரண்டு பிரேக்கர்களும் ஒரே யூபிஎஸ்ஸின் வெளியீட்டுப் பலகையில் இருக்கின்றன. கேபிள் நிறம் வேறு, லேபிள் வேறு, மூலம் ஒன்று. அந்த யூபிஎஸ்ஸுக்குள் கூடுதலாக ஒரு மாட்யூல் இருக்கலாம்; ஒரு மாட்யூல் பழுதானால் அது காப்பாற்றும். வெளியீட்டுப் பலகையையே துண்டித்தால் எத்தனை மாட்யூல் இருந்தும் பயனில்லை. ஒப்பந்தத்துடன் நீங்கள் தந்த மின்வரைபடத்தில் ஏ பாதைக்கும் பி பாதைக்கும் தனித்தனி யூபிஎஸ், தனித்தனி பேட்டரி வரிசை காட்டப்பட்டுள்ளது. நாங்கள் பணம் கொடுப்பது அதற்கு.

உங்கள் விளக்கக் கையேடு இந்த மையத்தை டியர் 3 (டேட்டா சென்டர்களுக்கான தரநிலை) என்கிறது. பராமரிப்புக்காக எந்த ஒரு கருவியை நிறுத்தினாலும் சர்வர்கள் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதுதான் அந்தத் தரத்தின் அடிப்படை. எதிர்பாராத பழுதில் அணைந்திருந்தால்கூட வாதத்துக்கு இடம் உண்டு. முன்கூட்டியே அறிவித்த பராமரிப்பில் அணைந்ததற்கு இல்லை. நீங்கள் காட்டும் சான்று வடிவமைப்பு ஆவணங்களுக்கானது மட்டுமே. கட்டி முடித்த மையத்தைச் சோதித்துத் தரும் சான்று தனி. அது இருக்கிறதா இல்லையா என்று எழுத்தில் தெரிவியுங்கள்.

அடுத்தது மின் கட்டணம். கையேட்டில் பியூஇ 1.35. பில்லில் எங்கள் மீட்டர் காட்டும் யூனிட்டை 1.62 ஆல் பெருக்குகிறீர்கள். சர்வர்கள் 100 யூனிட் எடுத்தால் 162 யூனிட்டுக்குக் கட்டுகிறோம். விளம்பரப்படுத்திய அளவைவிட 27 யூனிட் கூடுதல். பாதி காலியான ஹாலில் பியூஇ உயர்வது இயல்புதான். ஆனால் விற்காத இடத்தின் குளிரூட்டல் செலவை வாடிக்கையாளர் தலையில் கட்டுவது என்ன நியாயம்? போதாக்குறைக்கு, எங்கள் ரேக்கின் முன்பக்கக் காற்று 17 டிகிரியில் வருகிறது. குளிரூட்டல் பொறியாளர்களின் அமைப்பான ஆஷ்ரே பரிந்துரைப்பது 18 முதல் 27 வரை. பக்கத்து ரேக்குகளின் காலி இடங்களில் மூடுதகடு இல்லாததால் பின்புறச் சூடான காற்று முன்னால் சுற்றி வருகிறது. அந்த ஒரு வரிசைக்காக ஹால் முழுவதையும் உறைய வைக்கிறீர்கள் என்றே தோன்றுகிறது. தகடுகளைப் பொருத்திவிட்டு வெப்பநிலையைப் படிப்படியாக உயர்த்துங்கள்.

முழுக்கப் பசுமை மின்சாரம் என்ற வாசகத்துக்கும் ஆதாரம் தேவை. எந்த ஆண்டின் பசுமை மின் சான்றிதழ்கள், எந்த மின்தொகுப்பில் உற்பத்தியானவை, வேறு யாரும் மீண்டும் கணக்குக் காட்டாதபடி இந்த மையத்தின் பயன்பாட்டுக்காக ரத்து செய்யப்பட்டனவா என்ற விவரம் இல்லாமல் எங்கள் கார்பன் கணக்கில் அதை எழுத முடியாது. மின்தொகுப்பின் சராசரிப்படி ஒன்று, சான்றிதழ்களின்படி ஒன்று என இரண்டு எண்களும் வேண்டும்.

பாதுகாப்புச் சான்றிலும் இதே கதை. தகவல் பாதுகாப்புக்கான ஐஎஸ்ஓ 27001 சான்றிதழின் வரம்பில் உங்கள் தலைமை அலுவலகம் மட்டுமே இருக்கிறது. எங்கள் ரேக்குகள் இருக்கும் கட்டடம் இல்லை. பாதுகாப்புக் கட்டுப்பாடுகள் பற்றிய தணிக்கையான எஸ்ஓசி 2 அறிக்கை டைப் 1, அதாவது ஒரு குறிப்பிட்ட நாளின் நிலவரம். கட்டுப்பாடுகள் மாதக்கணக்கில் ஒழுங்காக நடந்தனவா என்று காட்டுவது டைப் 2. கேஜ் (ரேக்குகளைச் சுற்றிய கம்பிக் கூண்டு) கதவின் பதிவில் உள்ளே போனவர்கள் இருக்கிறார்கள், வெளியே வந்த நேரம் இல்லை.

இக்கடிதம் கிடைத்த 30 நாட்களுக்குள் பி ஃபீடை வேறு யூபிஎஸ்ஸுக்கு மாற்றி, எங்கள் பொறியாளர் முன்னிலையில் சோதித்துக் காட்ட வேண்டும். ரேக் பிரேக்கரை இறக்கிக் காட்டினால் போதாது. ஒவ்வொரு யூபிஎஸ்ஸின் வெளியீட்டையும் தனித்தனியாக நிறுத்தி, மறுபக்கம் நிற்கிறது என்று காட்ட வேண்டும். ஒப்பந்தம் தொடங்கிய நாளிலிருந்து பி ஃபீடுக்கு வாங்கிய மாதக் கட்டணத்தையும், இந்தச் சம்பவத்துக்கான எஸ்எல்ஏ (சேவைத் தர ஒப்பந்தம்) ஈட்டையும், 1.35க்கு மேல் பெருக்கி வாங்கிய மின் கட்டணத்தையும் திருப்பித் தர வேண்டும். திருத்தப்பட்ட சம்பவ அறிக்கையும் வேண்டும். இவை நடக்காவிட்டால் அபராதமின்றி ஒப்பந்தத்தை முடித்துக்கொள்வோம். வெளியேறும் காலத்துக்குக் கிராஸ் கனெக்ட் (மையத்துக்குள் பிற நிறுவனங்களுடன் இணைக்கும் கேபிள்) கட்டணமும் செலுத்த மாட்டோம்.

இப்படிக்கு,
ஐடி உட்கட்டமைப்புப் பிரிவு

இணைப்பு: பிடியூ பதிவுகள், மின்பலகைப் புகைப்படம், ஒப்பந்த மின்வரைபடம், கடைசி மின் கட்டண பில், கேஜ் கதவுப் பதிவு.