நிறுத்தத்தைச் சுற்றி வட்டம் போடாதீர்கள்

போக்குவரத்துத் திட்டம் வகுப்போருக்கும் உள்ளாட்சி மன்றங்களுக்கும்,

வணக்கம். பேருந்து நிறுத்தத்தை நடுவில் வைத்து 400 மீட்டர் ஆரத்தில் வட்டம் போட்டு, உள்ளே விழும் வீடுகளையெல்லாம் ‘சேவை பெறும் வீடுகள்’ என்று அறிக்கையில் எண்ணுகிறீர்கள். இன்னொரு நிறுத்தம் தேவையா என்பது அந்த எண்ணைப் பார்த்தே முடிவாகிறது. நடந்து வரவேண்டியவர்களுக்கு அந்த எண் அநியாயம் செய்கிறது. வட்டத்தைக் கைவிட்டு, நடைவழிகளின் மேல் அளக்கத் தொடங்குங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

400 மீட்டர் என்பது நிமிடத்துக்கு 80 மீட்டர் நடப்பவருக்கு 5 நிமிடம். அந்த வட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 50 ஹெக்டேர். ஆனால் வீடுகளை ஊடுருவிக்கொண்டு யாரும் நேர்கோட்டில் நடப்பதில்லை. தெருக்கள் நெருக்கமான சதுரக் கட்டங்களாக அமைந்த இடத்திலேயே, தெருவழியே 400 மீட்டருக்குள் எட்டும் பரப்பு 32 ஹெக்டேர்தான். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அங்கேயே போய்விட்டது. முட்டுச்சந்து, ரயில் பாதை, வாய்க்கால், நீண்ட சுற்றுச்சுவர் ஆகியவை குறுக்கிட்டால் இன்னும் சுருங்கும்.

வட்டத்தை விட்ட பலர் அடுத்ததாகச் செய்யும் பிழை, வாகனங்களுக்காக வரைந்த சாலைக் கோடுகளையே நடப்பவர்களுக்கும் பயன்படுத்துவது. அதில் அகலமான சாலைகூட நடுவில் ஓடும் ஒற்றைக் கோடு. எதிர்ப்புறத்து வீடு நிறுத்தத்துக்கு 20 மீட்டரில் இருப்பதாகக் கணினி சொல்லும். நடுவே தடுப்புச்சுவர் இருந்து, கடக்கும் இடம் 300 மீட்டர் தள்ளி இருந்தால், போய்த் திரும்பி வர 600 மீட்டருக்கு மேல். ஆகவே பெரிய சாலைகளில் இரு பக்க நடைபாதைகளையும் தனித்தனிக் கோடுகளாக வரையுங்கள். கடக்கும் இடங்களில் மட்டும் குறுக்குக்கோடு போட்டு இணையுங்கள். படிக்கட்டு, வாயிற்கதவு, அது பூட்டப்படும் நேரம் ஆகியவற்றை அந்தந்தக் கோட்டின் தகவலாகப் பதியுங்கள்.

கோடுகள் இணையும் இடத்தில்தான் பெரும்பாலான தொல்லை. மேம்பாலம் கீழ்ச்சாலையைக் கடக்கும் புள்ளியில் தவறுதலாக முடிச்சுப் போட்டால், மென்பொருள் ஆளைப் பாலத்திலிருந்து நேரே கீழே இறக்கிவிடும். இதற்கு நேர்மாறாக, அரை மீட்டர் முன்பே நின்றுவிட்ட சந்து கண்ணுக்குச் சேர்ந்ததுபோல் தெரியும், கணக்கில் துண்டாகிவிடும். ஒன்றோடொன்று தொடர்புள்ள கோடுகளைக் குழுக்களாகப் பிரித்துப் பாருங்கள். ஏறக்குறைய எல்லாம் ஒரே பெரிய குழுவில் வரவேண்டும். மிஞ்சும் சிறு தீவுகளை ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும். மென்பொருள் கோட்டு நுனிகளைத் தானாக ஒட்டவைக்கும் தூரத்தை 1 மீட்டருக்குள் வையுங்கள். 10 மீட்டர் என்று வைத்தால் சுவருக்கு இருபுறமும் உள்ள சந்துகள் சேர்ந்துகொள்ளும்.

நிறுத்தங்களின் இடமும் நம்பத்தக்கதாக இருக்கவேண்டும். திறந்த வெளியில் கைப்பேசியின் ஜிபிஎஸ் ஏறத்தாழ 5 மீட்டர் துல்லியம் தரும். உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே சிக்னல் எதிரொலித்து, நிறுத்தம் சாலையின் மறுபக்கம் தாவிவிடுகிறது. எதிரெதிர் நிறுத்தங்களுக்குத் தனி அடையாள எண் கொடுத்து, பேருந்து செல்லும் திசையையும் குறியுங்கள். அட்சரேகை, தீர்க்கரேகையில் 5 தசம இடங்கள் வேண்டும், அது ஏறத்தாழ 1 மீட்டர். 3 இடங்களோடு நிறுத்தினால் 100 மீட்டர் வரை விலகலாம்.

உருண்டையான பூமியைத் தட்டையாக விரித்துக் காட்ட இணைய வரைபடங்கள் பயன்படுத்தும் மெர்கேட்டர் முறையில் தூரம் அளக்காதீர்கள். நிலநடுக்கோட்டிலிருந்து விலக விலக அது நீட்டிக் காட்டும். 60 பாகை அட்சரேகையில் அது காட்டும் 400 மீட்டர், தரையில் 200 மீட்டர்தான். தூரம் அதிகம் பிசகாதபடி பூமியைப் பட்டைகளாகப் பிரித்து வரையும் முறை யூடிஎம். அதில் உங்கள் பகுதிக்குரிய மண்டலத்துக்கு மாற்றிவிட்டு அளவிடுங்கள்.

இவ்வளவும் மேசையில் செய்யலாம், ஆனால் செயற்கைக்கோள் படம் மரத்தடி நடைபாதையைக் காட்டாது. சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் 1:12-ஐ விட (12 மீட்டர் நீளத்துக்கு 1 மீட்டர் ஏற்றம்) செங்குத்தாக இருக்கக்கூடாது. நிலத்தை 30 மீட்டர்க் கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு ஓர் உயரம் மட்டும் தரும் தரவில் 5 மீட்டர்ச் சாய்தளம் தெரியவே தெரியாது. நேரில் போய்த்தான் அளக்கவேண்டும். முதியவர்களும் குழந்தைகளும் அதிகம் நடக்கும் தெருக்களிலிருந்து தொடங்குங்கள்.

முடித்த தரவை பிடிஎஃப் படமாக வெளியிட்டால் யாராலும் சரிபார்க்க முடியாது. ஷேப்ஃபைல் என்ற பழைய வரைபடக் கோப்பு வடிவமும் வேண்டாம். அதில் புலப்பெயருக்கு, அதாவது தரவு அட்டவணையின் நெடுவரிசைத் தலைப்புக்கு, 10 பைட்தான் இடம். எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு (எழுத்து, புள்ளி, கொம்பு போன்ற ஒவ்வொன்றுக்கும்) 3 பைட் என்பதால், பெயர் மூன்று குறியீட்டோடு வெட்டுப்பட்டுவிடும். ஜியோபேக்கேஜ் என்ற வரைபடக் கோப்பு வடிவம் போதும்.

அடுத்த பேருந்துத் தட அறிக்கையை மன்றத்தில் வைக்கும்போது நடைவழிக் கோப்பையும், கடைசியாகத் தெருவில் சரிபார்த்த தேதியையும், இன்னும் சரிபார்க்காத தெருக்களின் பட்டியலையும் சேர்த்தே வையுங்கள். அந்தத் தெருக்காரர்கள் பிழையைச் சுட்டிக்காட்ட, வாக்கெடுப்புக்கு முன் நான்கு வாரமாவது கொடுங்கள்.

இப்படிக்கு,
வரைபடத் தரவுப் பணியாளர்கள்