கிண்ணியாப் பாதையும் உன் புதிய குழுவும்

உவர்மலை,
திருகோணமலை.

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய கட்டுரைகள் எல்லாவற்றையும் வாசித்து முடித்துவிட்டேன். ஃபோனில் சொன்னால் அரைவாசி விட்டுப் போய்விடும், அதனால் எழுதுகிறேன். அப்பா சுகமாக இருக்கிறார். பின்னேரங்களில் கோணேசர் கோயிலடி வரை நடக்கிறார்.

குழுவுக்குப் பொறுப்பாகப் போட்டுவிட்டார்கள், சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என்று எல்லோரும் இருக்கிறார்கள், ஆனால் கூட்டம் என்றால் மூன்று பேர்தான் கதைக்கிறார்கள் என்று கவலைப்பட்டாய். அதற்காக மேலிடம் பாகுபாடு பற்றி ஒருநாள் பயிற்சி வைக்கப் போகிறது, அங்கே என்ன கதைக்கலாம் அம்மா என்றும் கேட்டாய்.

பயிற்சி நடக்கட்டும், அதைத் தடுக்க வேண்டாம். ஆனால் அதை நம்பி இராதே. நீ அனுப்பியதில் ஃபிராங்க் டொபின், அலெக்சாண்ட்ரா காலெவ் என்ற சமூகவியலாளர் இருவரின் ஆய்வைத்தான் நான் இரண்டாம் தரமும் வாசித்தேன். 800க்கு மேற்பட்ட அமெரிக்க நிறுவனங்களின் முப்பது வருடத் தரவுகளைப் பார்த்திருக்கிறார்கள். கட்டாயப் பயிற்சி வைத்த இடங்களில் ஐந்து வருடம் கழித்தும் முகாமையாளர்களில் கறுப்பினப் பெண்களின் பங்கு கூடவில்லை, சராசரியாகக் குறைந்தே இருந்தது. வாசித்தபோது எனக்கு அதிசயமாக இருக்கவில்லை. வளர்ந்த மனிதர்களை வரிசையில் இருத்தி “நீங்கள் பாகுபாடு காட்டுகிறீர்கள்” என்று சொன்னால் யாருக்கு மனம் திறக்கும்? கையெழுத்து வைத்துவிட்டு எழுந்து போவார்கள். மனதை மாற்றிவிட்டு நடைமுறையை மாற்றலாம் என்று காத்திருக்காதே, மகள். நடைமுறையில் கைவை. அதுதான் உன் கைக்குள் இருக்கிறது.

கிண்ணியாப் பாதை, ஆக்களையும் வாகனங்களையும் அக்கரை சேர்த்த அந்த மிதவைப் படகு, உனக்கு ஞாபகம் இருக்கும். பஸ்ஸில் வந்து இறங்கி, ஆக்களும் சைக்கிளும் வானும் ஒன்றாக ஏறி, கடல்நீரேரியைத் தாண்டி, இந்தக் கரையில் இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும். நான் தாதியாக இருந்த ஆஸ்பத்திரிக்குக் கிண்ணியாவிலிருந்து வேலைக்கு வந்த பெண்கள் விடிய முதல் எழும்பித்தான் வருவார்கள். அப்படியும் பாதை அக்கரையில் நின்றுவிட்டால் வேலைக்குப் பிந்தும். வரவுப் பதிவேட்டில் சிவப்புக் கோடு விழும். கோடு கூடக் கூட, “அந்த ஊர் ஆக்களே இப்படித்தான்” என்று ஒரு கதை கட்டப்பட்டுவிட்டது. அதைச் சொன்னவர்கள் கெட்டவர்கள் இல்லை. எனக்கு நல்ல சிநேகிதிகள்.

அப்போது தாதிமாருக்குப் பொறுப்பாகப் புதிதாக வந்த மேற்றன் யாருக்கும் புத்திமதி சொல்லவில்லை. பதிவேட்டை எடுத்துப் பிந்திய நாட்களையும் நேரங்களையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்தார். பிறகு பாதையில் வருகிறவர்களுக்கு வேலை நேரத்தை அரை மணித்தியாலம் தள்ளிப் போட்டார். போகும்போது அரை மணித்தியாலம் கூட நிற்க வேண்டும், அவ்வளவுதான். சிவப்புக் கோடுகள் குறைந்தன, கதையும் மெல்ல ஓய்ந்தது. பிறகு 2009 ஒக்டோபரில் பாலம் திறந்தார்கள், 396 மீற்றர். அதற்குப் பிறகு கிண்ணியா ஆக்கள் பிந்துகிறார்கள் என்று யார் வாயிலிருந்தும் நான் கேட்கவில்லை. அதே பெண்கள்தான், அதே வீடுதான், விடிய எழும்பிச் சமைத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வருவதும் அப்படியேதான்.

லீ ரொஸ் என்ற உளவியலாளர் 1977இல் பெயர் வைத்தது இந்தப் பிழைக்குத்தான். இன்னொருவர் செய்வதைப் பார்த்தவுடன் அவருடைய குணத்தில் காரணம் தேடுவோம், அவர் நிற்கிற நிலைமை கண்ணில் படாது. உன் கூட்டத்தில் வாய் திறக்காதவர்களைப் பற்றி நீ யோசிக்கும்போது இது மனதில் இருக்கட்டும். “அவ கூச்ச சுபாவம்” என்று நீ ஃபோனில் சொன்ன பிள்ளை, மதியம் சாப்பிடும்போது நன்றாகக் கதைக்கிறாள் என்றும் நீயேதான் சொன்னாய். அப்படியென்றால் கூட்ட அறைக்குள் ஏதோ இருக்கிறது.

என்ன இருக்கும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். எங்கள் வார்ட்டில் ஒரு பெரிய டொக்டர் இருந்தார். காலையில் கட்டில் கட்டிலாகப் பார்த்து வரும்போது, கடைசியாகச் சேர்ந்தவரிடம்தான் முதலில் கேட்பார். பயிற்சித் தாதி, பிறகு நாங்கள், பிறகு சின்ன டொக்டர்மார், எல்லோரும் சொன்ன பிறகுதான் தன் அபிப்பிராயம். ஒருநாள் மூதூரிலிருந்து வந்திருந்த ஒரு ஆச்சியின் கட்டிலடியில் நிற்கிறோம். கந்தளாயிலிருந்து வந்த பயிற்சிப் பிள்ளைக்குத் தமிழ் சரியாக வராது. தயங்கித் தயங்கிச் சொன்னாள்: ஊசியைக் கண்டதும் ஆச்சி இரவு தன் கையைச் சொறிந்து காட்டினார், தடித்தது போல விரலால் வட்டம் போட்டுக் காட்டினார். டொக்டர் என்னைப் பார்த்தார். நான் குனிந்து ஆச்சியிடம் தமிழில் கேட்டேன். முன்பு ஒரு தடவை பென்சிலின் போட்டு உடம்பெல்லாம் தடித்து மூச்சு முட்டியதாம். அட்டையில் அது எழுதப்பட்டிருக்கவில்லை. மருந்தை அங்கேயே மாற்றினார். டொக்டர் முதலில் “பென்சிலின்தான் சரி” என்று சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளை வாய் திறந்திருக்குமா? திறந்திருக்க மாட்டாள் என்றுதான் நான் நினைக்கிறேன்.

சொலமன் ஆஷ் என்ற உளவியலாளர் 1951இல் வெளியிட்ட பரிசோதனை இதைத்தான் காட்டுகிறது. காட்டிய கோட்டின் அதே நீளம் எந்தக் கோட்டுக்கு என்று கண்ணுக்கு நேரே தெரிகிற கேள்வி. ஆனால் கூட இருப்பவர்கள் எல்லோரும் ஏற்பாட்டின்படி பிழையான கோட்டைக் காட்டுவார்கள். உண்மையில் சோதிக்கப்பட்டவர்களில் முக்கால்வாசிப் பேர் ஒரு தரமாவது தங்கள் கண்ணை விட்டுக் கூட்டத்தோடு போனார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் பட்டது அடுத்த பகுதி: கூட்டத்தில் ஒரேயொருவர் சரியான விடையைச் சொன்னால் போதும், மற்றவருக்குத் துணிவு வந்துவிடுகிறது, கூட்டத்தோடு போவது வெகுவாகக் குறைகிறது. அப்படி ஒருவர் வாய் திறக்க நீ இடம் கொடுக்கலாம். உன் அபிப்பிராயத்தைக் கடைசிக்கு வை. அதற்கு முன் ஐந்து நிமிடம் எல்லோரும் தங்கள் யோசனையை எழுதட்டும், எந்த மொழியிலும் எழுதலாம் என்று சொல். பிறகு புதியவரிலிருந்து தொடங்கி வாசியுங்கள்.

எமி எட்மண்ட்சன் தாதிமாரைப் பற்றி எழுதியதை நீ எனக்காகவே தேடி அனுப்பியிருப்பாய். ஹாவர்டில் மாணவியாக இருந்தபோது ஆஸ்பத்திரிகளில் மருந்துப் பிழைகளைப் பார்த்திருக்கிறார். ஒற்றுமையாக வேலை செய்யும் வார்ட்டுகளில் பிழை குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார், கூடுதலாக இருந்தது. அங்கே பிழை கூடுதலாக நடக்கவில்லை, நடந்ததை மறைக்காமல் சொன்னார்கள் என்பது பிறகுதான் விளங்கியது. அப்படிப் பயமில்லாமல் வாய் திறக்கக்கூடிய நிலைக்கு 1999இல் உளப் பாதுகாப்பு என்று பெயர் சொல்லி எழுதினார். உன் தொழிலிலும் கூகிள் நிறுவனம் 2012இல் தொடங்கி 180 குழுக்களை ஆராய்ந்து, நல்ல குழுவுக்கு இதுதான் முதல் தேவை என்று கண்டது. எங்களில் யாரிடம் கேட்டாலும் சொல்லியிருப்போம். பிழைப் புத்தகம் வெள்ளையாகக் கிடக்கிற வார்ட்டில் இரவு வேலை என்றால் எனக்கு நெஞ்சு படபடக்கும். அங்கே மேற்றனுக்குப் பயந்து நடந்த பிழை எல்லாம் பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் போய்விடும்.

ஆகவே உன் குழுவில் யாராவது “நான் பிழை விட்டுவிட்டேன்” என்று வந்து சொன்னால், உன் முகத்தை எல்லோரும் பார்ப்பார்கள். “எப்படி நடந்தது, யார் யாருக்கு இப்போது தெரிய வேண்டும்” என்று கேள். “ஏன் செய்தாய்” என்று தொடங்காதே.

ஆள் எடுக்கும்போது இன்னும் கவனம் வேண்டும். 2004இல் வந்த ஆய்வொன்றில் பொஸ்டன், சிக்காகோ நகரங்களில் ஏறக்குறைய 5,000 போலி விண்ணப்பங்களை அனுப்பினார்கள். வெள்ளையர் பெயர் போட்டவற்றில் பத்துக்கு ஒன்றுக்கு அழைப்பு வந்தது, கறுப்பினத்தவர் பெயர் போட்டவற்றில் பதினைந்துக்கு ஒன்றுக்கு. தகுதியில் வேறுபாடு இல்லை. எங்கள் நாட்டில் ஒரு பெயரைக் கேட்டால் இனம், மதம், சில வேளை ஊர்கூடத் தெரிந்துவிடும். பெயர், பாடசாலை, விலாசம் மூன்றையும் மறைத்துவிட்டு முதல் தெரிவைச் செய்யச் சொல். நேர்முகத்தில் எல்லோருக்கும் ஒரே கேள்விகளை ஒரே ஒழுங்கில் கேளுங்கள். புள்ளியைத் தனித்தனியாக எழுதிய பிறகே வாய் திறந்து கதையுங்கள்.

அப்புறம் சின்னச் சின்ன விசயங்கள். வெள்ளிக்கிழமை மதியம் கூட்டம் வைக்காதே, ஜும்மாவுக்குப் போக வேண்டியவர் ஒவ்வொரு கிழமையும் உன்னிடம் வந்து அனுமதி கேட்க வேண்டிய நிலை வரக்கூடாது. சாப்பாட்டுப் பார்சலுக்கும் அப்படித்தான்: எல்லோரும் சாப்பிடக்கூடியதை வழக்கமாக்கிவிட்டு, வேறு வேண்டுமென்றவர் சொல்லட்டும். கூட்டக் குறிப்பு எழுதுவதும் பிறந்தநாள் கேக் வாங்குவதும் எப்போதும் பெண் பிள்ளைகளின் தலையில் விழுகிறதா என்று பார். முறை வைத்துப் பட்டியல் போட்டு ஒட்டு. யாராவது முன்வருவார்களா என்று கேட்டால் வழக்கமாகச் செய்கிறவளே திரும்பவும் கை தூக்குவாள்.

ஒன்றில் மட்டும் எனக்கு அந்தக் கட்டுரைகளோடு உடன்பாடில்லை. ஆக்களுக்குத் தெரியாமல் அவர்களை ஒரு பக்கம் மெல்லத் தள்ளிவிடுவதைச் சில இடங்களில் பெருமையாக எழுதியிருக்கிறார்கள். நீ அப்படிச் செய்யாதே. எதை மாற்றுகிறாய், ஏன் மாற்றுகிறாய் என்று கூட்டத்தில் வெளிப்படையாகச் சொல். பிடிக்கவில்லை என்றால் சொல்ல அவர்களுக்கும் இடம் கொடு. இந்த நாட்டில் ஆக்களுக்குத் தெரியாமல் எடுத்த முடிவுகள் போதும்.

இப்போது நீ செய்ய வேண்டியது. ஒரு தாளில் எல்லோருடைய பெயரையும் எழுதி வை. இரண்டு கிழமைக்கு எதையும் மாற்றாமல் எண்ணிக்கொண்டு இரு: யார் எத்தனை தரம் கதைத்தார், யாருடைய பேச்சு இடையில் வெட்டப்பட்டது, யார் சொன்ன யோசனை இன்னொருவர் பெயரில் போனது. பிறகு எழுதிவிட்டு வாசிப்பதை மட்டும் கொண்டுவா, மற்றவற்றைத் தொடாதே, திரும்பவும் இரண்டு கிழமை எண்ணு. எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றினால் எது உதவியது என்று தெரியாமல் போகும். பெயர்களை மறைத்துவிட்டு இரண்டு தாளையும் படம் எடுத்து எனக்கு அனுப்பு. சனிக்கிழமை இரவு கோல் எடு, இருவருமாக இருந்து பார்ப்போம்.

அன்புடன்,
அம்மா