துணி மூட்டை வேண்டாம், இப்போதே பணம் ஒதுக்கி வையுங்கள்: அமெரிக்கத் தமிழ்ச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

சங்கத் தலைவர்களுக்கும் செயற்குழு உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

காட்டுத்தீயோ சூறாவளியோ வந்த மறுநாள் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் போர்வை, துணி, தண்ணீர் பாட்டில் சேர்க்கச் சொல்லி அழைப்பு வரும். யாராவது தன் கராஜைத் திறந்துவிடுவார். இரண்டு நாளில் அது நிரம்பிவிடும். கொடுப்பவர்களின் மனதைக் குறை சொல்ல மாட்டோம். ஆனால் அந்த மூட்டைகளைப் பிரித்து, அளவு பார்த்து, கிழிந்ததை ஒதுக்கி அடுக்க ஆள் வேண்டும், இடமும் வேண்டும். அந்த வாரம் நிவாரண முகாம்களில் கிடைக்காதவை அந்த இரண்டும்தான். வீடிழந்தவருக்கு அன்று தேவை பணம். மோட்டல் அறை, பெட்ரோல், மருந்து, அடுத்த வாடகைக்கான முன்பணம் என எல்லாவற்றுக்கும் அதுதான் உதவும்.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். பேரிடர் இல்லாத இந்த நாட்களிலேயே ஒரு தொகையை ஒதுக்கி, அதை யார் வழியாக, எந்த விதியில் கொடுப்பது என்று எழுதி வையுங்கள். வாங்குபவரின் விசா, குடியேற்ற நிலை எதையும் கேட்காமல் கொடுக்கும் நிதியாக அது இருக்கட்டும்.

ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம் என்றால், அரசு உதவியின் வாசல் பலர் நினைப்பதைவிடக் குறுகலானது. ஃபெமா என்ற கூட்டாட்சி அரசின் பேரிடர் மேலாண்மை அமைப்பு தனிநபருக்குத் தரும் பண உதவி குடிமக்களுக்கும், கிரீன் கார்டு உள்ளவர்கள், அகதிகள், அடைக்கலம் பெற்றவர்கள் போன்ற சில வகையினருக்கும் மட்டுமே. வீட்டுச் சேதத்துக்கு 40,000 டாலருக்கு மேல் வரை கிடைக்கக்கூடிய அந்த உதவி, எச்1பி வேலை விசாவில் இருப்பவருக்குக் கிடையாது. எஃப்1 மாணவருக்கும் கிடையாது. 2025 ஜனவரி லாஸ் ஏஞ்சலஸ் தீயின்போது உடனடித் தேவைக்காகத் தந்த 770 டாலருக்கும் இதே விதிதான். பதினைந்து வருடம் வரி கட்டிவிட்டு, கிரீன் கார்டு வரிசையில் காத்திருக்கும் குடும்பமும் இந்தக் கோட்டுக்கு வெளியேதான் நிற்கிறது. உங்கள் உறுப்பினர் பட்டியலில் அப்படி எத்தனை குடும்பம் என்று ஒரு முறை எண்ணிப் பாருங்கள்.

இதில் ஒரு வழி உண்டு, பலருக்கும் தெரிவதில்லை. வீட்டில் அமெரிக்காவில் பிறந்த, 18 வயது நிரம்பாத பிள்ளை இருந்தால், சோஷியல் செக்யூரிட்டி எண் உள்ள அந்தப் பிள்ளையின் பெயரில் பெற்றோர் விண்ணப்பிக்கலாம். தகுதியுள்ள வேறொருவர் அதே வீட்டில் வசித்தால் அவரும் விண்ணப்பிக்கலாம். முகாமில் தங்குவதற்கும் உணவுக்கும் அவசர மருந்துக்கும் குடியேற்ற நிலை தடையே இல்லை.

குடியேற்ற ஆவணம் இல்லாதவர்களின் நிலை வேறு. ஃபெமா உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் கீழ் வருவது. குடியேற்றக் கைதுகளைச் செய்யும் ஐஸ் அமைப்பும் அதே துறையின் கீழ்தான். பிள்ளைக்குத் தகுதி இருந்தாலும், முகவரியை எழுதிக் கொடுக்கத் தாய்க்குக் கை வராது. அந்தப் பயத்தை நாம் பேசிப் போக்கிவிட முடியாது. போக்க முயலவும் வேண்டாம். குடியேற்ற வழக்குகள் தெரிந்த இலவசச் சட்ட உதவி மையத்தின் எண்ணைக் கையில் கொடுத்துவிட்டு, நம் பணத்தை நிபந்தனை இல்லாமல் கொடுப்பதே நம்மால் ஆவது.

இந்த வேலை எப்படி நடக்கும் என்பதற்கு 2017 அக்டோபரில் வடக்குக் கலிபோர்னியாவின் சோனோமா மாவட்டம் நல்ல உதாரணம். டப்ஸ் தீ ஒரே இரவில் சாண்டா ரோசாவுக்குள் புகுந்தது. 5,600க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. திராட்சைத் தோட்டங்களிலும் உணவகங்களிலும் வேலை செய்த குடியேறிகளுக்கு அரசுப் பணம் வராது என்று முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. அங்கே ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருந்த மூன்று அமைப்புகள், அவற்றில் ஒன்று கிராட்டன் தினக்கூலித் தொழிலாளர் மையம், சேர்ந்து அன்டாக்குஃபண்ட் என்ற நிதியைத் தொடங்கின. வங்கிக் கணக்கு, வரிவிலக்கு ரசீது போன்ற நிர்வாகத்தை அறக்கொடையாளர்களின் கூட்டமைப்பு ஒன்று ஏற்றுக்கொண்டது. மக்களை நேரில் சந்திக்கும் வேலையை அந்த மூன்று அமைப்புகளும் பார்த்தன. அது ஓடியதற்கு இந்தப் பிரிவினைதான் காரணம். பணம் வைத்திருப்பவருக்கு மக்களின் நம்பிக்கை இருக்காது, மக்களின் நம்பிக்கையைப் பெற்றவரிடம் கணக்காளர் இருக்க மாட்டார். இருவரும் தீக்கு முன்பே ஒருவரையொருவர் அறிந்திருக்க வேண்டும்.

இனி, வழக்கமாக எங்கே பிசகுகிறது என்று சொல்கிறோம்.

முதல் பிசகு விண்ணப்பப் படிவம். ஆங்கிலத்தில் கூகுள் ஃபார்ம், இரவில் திறப்பு, முந்தி வருபவருக்கு முதலில். ஒரு மணி நேரத்தில் நிரம்பிவிடும். நிரப்பியவர்கள் நல்ல இணைப்பும் நல்ல ஆங்கிலமும் உள்ளவர்கள். பாத்திரம் கழுவும் வேலையில் இருப்பவர் இரவு பதினொரு மணிக்குப் பார்க்கும்போது அது மூடியிருக்கும். எனவே நேரில் அமர்ந்து கேட்டு எழுதுங்கள். ஒருவருக்கு முக்கால் மணி நேரம் ஆகும். ஒரு தன்னார்வலரால் நாளைக்கு எட்டுப் பேருக்கு மேல் சரியாகப் பார்க்க முடியாது. ஸ்பானிஷ் தெரிந்தால் போதும் என்றும் எண்ணிவிடாதீர்கள். கலிபோர்னியாவின் பண்ணைகளில் மிக்ஸ்டெக் மொழி மட்டுமே பேசும் மெக்சிகோப் பழங்குடியினர் உண்டு. 2023 ஆகஸ்டில் எரிந்த, ஹவாயின் மாவி தீவில் உள்ள லஹைனா நகரில் ஏறக்குறைய ஐந்தில் இருவர் ஃபிலிப்பினோக்கள். அங்கே இலோகானோ என்ற ஃபிலிப்பைன்ஸ் மொழி தெரிந்தவர் தேவைப்பட்டார்.

அடுத்தது முகவரிச் சான்று. குத்தகை ஒப்பந்தம் கேட்டால், கராஜை வாடகைக்கு எடுத்துக் குடியிருந்தவர் எதைக் காட்டுவார்? ஒரே கதவு எண்ணில் மூன்று குடும்பங்கள் இருந்திருக்கும். மின்கட்டண ரசீது ஒருவர் பெயரில்தான் இருக்கும். முகவரிக்கு ஒரு விண்ணப்பம் என்று கணினி வடிகட்டினால் மற்ற இரு குடும்பங்களும் வெளியே. பள்ளிச் சேர்க்கைக் கடிதம், ஊருக்குப் பணம் அனுப்பிய ரசீது, பார்சல் உறையின் படம், தேவாலயத்தின் கடிதம் என இவற்றில் ஏதேனும் இரண்டை ஏற்றுக்கொள்வதாக விதியில் எழுதுங்கள்.

வேலை இழந்தவர்களைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். லாஸ் ஏஞ்சலஸ் தீயில் எரிந்த பசிபிக் பாலிசேட்ஸ் பகுதியில் வீடு துப்புரவு செய்தவர், தோட்டம் பார்த்தவர், குழந்தை பார்த்துக்கொண்டவர் எல்லோரும் வேறு பகுதியில் குடியிருந்தவர்கள். அவர்கள் வீடு எரியவில்லை என்பதால் எந்தப் பட்டியலிலும் வர மாட்டார்கள். கையில் ஐந்து வீட்டுச் சாவி இருக்கும், திறக்க ஒரு வீடும் இருக்காது. வேலை அனுமதி இல்லாவிட்டால் பேரிடர்கால வேலையின்மை உதவித்தொகையும் இல்லை. சம்பளச் சீட்டு கேட்காதீர்கள். அவருடைய போனிலேயே சான்று இருக்கும்: "செவ்வாய்க்கிழமை வா" என்று வீட்டுக்காரர் அனுப்பிய செய்தி, ஸெல் (Zelle) பணப் பரிமாற்றச் சேவை வழியாக வாராவாரம் வந்த 120 டாலர். திரையைப் பார்த்துவிட்டு, பார்த்ததாகக் கையெழுத்திடுங்கள். படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டாம்.

பணத்தைக் கொடுக்கும் விதத்திலும் கவனம் வேண்டும். கடைக்குரிய கிஃப்ட் கார்டால் வாடகை கட்ட முடியாது. வங்கிக் கணக்கு இல்லாதவர் காசோலையை மாற்றும் கடையில் கமிஷன் இழப்பார். ப்ரீபெய்டு கார்டு வசதியானதுதான். ஆனால் சில கார்டுகளைச் செயல்படுத்த சோஷியல் செக்யூரிட்டி எண் கேட்கும். மொத்தமாக வாங்குவதற்கு முன்பே ஒரே ஒரு கார்டை வாங்கிச் செயல்படுத்திப் பாருங்கள். ஒரு குடும்பத்துக்கு 1,000 டாலர் என்றால் அதை ஒரே தவணையில் கொடுங்கள், எதற்குச் செலவு செய்தாய் என்று பிறகு கேட்காதீர்கள். மேடை, பெரிய அட்டைக் காசோலை, குழுப் படம் எதுவும் வேண்டாம். ஆவணம் இல்லாதவருக்கு அந்தப் படமே ஆபத்து.

வரித்துறை விஷயத்தில் பல சங்கங்கள் தேவையில்லாமல் பயப்படுகின்றன. 501(சி)(3) என்ற வரிவிலக்குள்ள அறநிறுவனத் தகுதி பெற்ற சங்கம் பேரிடரில் பாதிக்கப்பட்டவருக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம். ஐஆர்எஸ் எனப்படும் வரித்துறை கேட்பது பதிவு: எவ்வளவு, எதற்கு, எந்த நாளில், எந்த அளவுகோலில், யார் தேர்ந்தெடுத்தது, வாங்கியவருக்கும் நிர்வாகிகளுக்கும் உறவு உண்டா. பயனாளிகளின் வட்டம் பெரிதாகவோ முன்கூட்டி வரையறுக்க முடியாததாகவோ இருக்க வேண்டும். "இந்த 500 டாலரை எங்கள் ஊர்க்கார முருகன் குடும்பத்துக்கே கொடுங்கள்" என்று நன்கொடையாளர் நிபந்தனை வைத்தால் அவருக்கு வரிவிலக்கு கிடைக்காது. அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். பதிவில் குடியேற்ற நிலைக்கு ஒரு கட்டம் தேவையே இல்லை. கேட்காத தகவல் யார் கைக்கும் போகாது. பெயர்ப் பட்டியலை எல்லோரும் திறக்கும் ஷீட்டில் வைக்காமல் இருவர் மட்டும் பார்க்கும்படி பூட்டி வையுங்கள்.

கொடுத்த பணத்துக்கான கடிதத்தில் "வாடகைக்காக" என்று எழுதாமல், பேரிடர்த் துயர்நீக்க நன்கொடை என்று பொதுவாக எழுதுவது நல்லது. ஒரே இழப்புக்கு இரண்டு இடத்தில் உதவி கிடைத்ததாகக் கருதினால் ஃபெமா தன் பங்கைக் குறைக்கக்கூடும்.

எல்லாப் பணத்தையும் முதல் மாதமே கொடுத்துத் தீர்த்துவிடாதீர்கள். மோட்டல் வவுச்சர் முடிவது, உறவினர் வீட்டில் இடம் நெருக்கடியாவது, வீட்டுக்காரர் வாடகையை ஏற்றுவது எல்லாம் மூன்றாம் மாதத்துக்குப் பிறகுதான். மாவியில் ஓப்ரா வின்ஃப்ரேயும் டுவைன் ஜான்சனும் தொடங்கிய நிதி, இடம்பெயர்ந்த வயது வந்தவர்களுக்கு மாதம் 1,200 டாலர் வீதம் ஆறு மாதம் கொடுத்தது. அந்த அளவு நம்மால் முடியாது, அந்த முறை முடியும். உங்களிடம் 50,000 டாலர் இருந்தால் எங்கள் கணக்கு இப்படி: முதல் பத்து நாளில் 25 குடும்பங்களுக்குத் தலா 1,000, மூன்றாம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரை வாடகை பாக்கிக்கு 15,000, விண்ணப்பம் எழுதுபவர்களுக்கும் மொழிபெயர்ப்பாளர்களுக்கும் 7,500, கார்டு, வங்கிக் கட்டணம், காப்பீடு ஆகியவற்றுக்கு 2,500. மொழிபெயர்ப்பவருக்குக் கூலி கொடுப்பது வீண் செலவு என்று செயற்குழுவில் யாராவது சொல்வார். அந்தக் கூலி இல்லாவிட்டால் மற்ற பணம் சரியான கைக்குப் போகாது.

உங்கள் சொந்த உறுப்பினர்களுக்காகவும் ஒரு பக்கக் குறிப்பு அச்சிட்டு வையுங்கள். வீடு மாறிய பத்து நாளுக்குள் ஏஆர்-11 படிவத்தில் புது முகவரியைக் குடியேற்றத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். வீடு எரிந்து நண்பர் வீட்டில் தங்குபவருக்கு இது நினைவுக்கே வராது. நாட்டுக்குள் வந்ததைக் காட்டும் ஐ-94 பதிவைச் சுங்க, எல்லைப் பாதுகாப்புத் துறையின் தளத்திலிருந்து மறுபடி எடுக்கலாம். விசா மனு ஏற்கப்பட்டதைக் காட்டும் ஐ-797 அறிவிப்பின் நகல் பெரும்பாலும் நிறுவனத்தின் வழக்கறிஞரிடம் இருக்கும். எரிந்துபோன பாஸ்போர்ட்டுக்குக் காவல்துறை அறிக்கை வாங்கிக்கொண்டு தூதரகத்தை அணுக வேண்டும்.

அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் மூன்று தீர்மானங்கள் போதும். பொங்கல், தீபாவளி விழாக்களின் வசூலில் ஒரு பங்கு இந்தக் கணக்குக்குப் போக வேண்டும். உங்கள் பகுதியின் தினக்கூலி மையம் அல்லது குடியேறிகள் நலச் சங்கம் ஒன்றோடு ஒரு பக்க ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்திட வேண்டும். பேரிடர் அறிவிக்கப்பட்ட 48 மணி நேரத்துக்குள், பொதுக்குழுவைக் கூட்டாமலே 25,000 டாலர் வரை விடுவிக்கப் பொருளாளருக்கும் செயலாளருக்கும் அதிகாரம் தர வேண்டும். அந்த மையத்துக்கு இந்த மாதமே ஒரு சனிக்கிழமை காலை போய் வாருங்கள். ஆறு மணிக்கே ஆட்கள் வந்து நிற்பார்கள்.

இப்படிக்கு,
பேரிடர் நிவாரண நிதிகளில் விண்ணப்பம் எழுதும், கணக்குப் பார்க்கும் தமிழ்த் தன்னார்வலர்கள்